தெருவுக்கு ஓர் அருங்காட்சியகம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால், காரியங்கள் முடிந்த கையோடு இன்னொரு வேலை காத்திருக்கும். அறையைக் காலி செய்ய வேண்டும். பாஸ்போர்ட், நகை, வங்கிப் புத்தகம், பத்திரம் எல்லாம் ஒரு பக்கம் போகும். தகர டிரங்குப் பெட்டி, முதல் வேலையின் அடையாள அட்டை, ஊரிலிருந்து வந்த ஏர்மெயில் கடிதங்கள், கடைக் கடன் எழுதிய நோட்டு எல்லாம் கறுப்புக் குப்பைப் பைக்குள் போகும். யாரையும் குறை சொல்ல முடியாது. வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டியவர்கள் வேறென்ன செய்வார்கள்?

1980-ல் நியூயார்க் சைனாடவுனில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா 1882-ல் கொண்டுவந்த சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை இருந்தது. அதனால் அங்கே வந்த ஆண்கள் பலர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியாமல், சலவைக் கடையிலும் உணவகத்திலும் உழைத்தபடி தனியாகவே வயதாகிப்போனார்கள். அவர்கள் இறந்தபோது அவர்களுடைய சாமான்கள் நடைபாதைக் குப்பையில் வந்து விழுந்தன. வரலாற்று ஆய்வாளர் ஜாக் சென்னும் சமூகச் செயல்பாட்டாளர் சார்லி லாயும் அவற்றைப் பொறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். நியூயார்க் சைனாடவுன் வரலாற்றுத் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று மோகா என்று அழைக்கப்படும் அமெரிக்கச் சீனர் அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அப்படி ஒன்றைத் தங்கள் பகுதியில் தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பகுதி கனடாவின் ஸ்கார்பரோவாக இருக்கலாம், மலேசியாவின் கிள்ளானாக இருக்கலாம், லண்டன் ஈஸ்ட்ஹாமாக இருக்கலாம். சென்னை சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக வாழும் ராஜஸ்தானிக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். பலரும் ஒரு கட்டடம் பார்ப்பது, திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஆரம்பிக்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி. முதலில் கதை, அப்புறம் பதிவேடு, அப்புறம் பொருள், கட்டடம் கடைசியில்.

எல்லையை ஒரே வரியில் எழுதுங்கள்

எந்த இடம், எந்தக் காலம், யாருடைய வாழ்க்கை: இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "இந்த நான்கு தெருக்களில், 1983 முதல் 2005 வரை, குடியேறி வந்தவர்கள் வீட்டிலும் வேலையிலும் புழங்கிய பொருள்கள்" என்பது போல. "தமிழர் பண்பாடு" என்று மட்டும் எழுதினால் அதற்குக் கரை கிடையாது. நாளைக்கே ஒருவர் போன வருடம் வாங்கிய நடராஜர் சிலையைக் கொண்டுவந்து நிற்பார், உங்களால் மறுக்க முடியாது.

குறுகிய எல்லை என்றால் சின்ன விஷயமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். நியூயார்க்கின் டெனமென்ட் (நெருக்கமான வாடகைக் குடியிருப்பு) அருங்காட்சியகம் ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் கட்டடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கியது. 1863-ல் கட்டியது. 1935 வரை அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் 7,000 பேர் குடியிருந்திருக்கிறார்கள். ஒரு வீடு 325 சதுர அடிதான். அந்த ஒரே கட்டடத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கக் குடியேற்றத்தின் பெரிய கதையைச் சொல்லிவிட்டார்கள்.

இப்போதைக்கு ஓர் அறை போதும்

உங்களுக்குத் தேவையானது பூட்டக்கூடிய ஒரு காய்ந்த அறை, இரும்பு அலமாரி, பெரிய மேசை, கெட்டி அட்டை போட்ட பதிவேடு, மடிக்கணினி, ஸ்கேனர். நிலவறை வேண்டாம், கூரைக்குக் கீழே இருக்கும் பரண் அறையும் வேண்டாம். ஒன்றில் தண்ணீர் வரும், மற்றதில் வெயிலும் குளிரும் மாறி மாறி அடிக்கும். எதையும் தரையில் வைக்காதீர்கள். கடைசித் தட்டு தரையிலிருந்து நாலைந்து அங்குலமாவது உயரத்தில் இருக்கட்டும். குழாய் போகும் சுவரை ஒட்டியும் அலமாரி போடக் கூடாது.

நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ அறை கேட்டுப் பாருங்கள். கோவில் மண்டபம் கொடுக்க முன்வருவார்கள், நல்ல மனதோடுதான் கொடுப்பார்கள். நன்றி சொல்லுங்கள், ஆனால் யோசித்து முடிவெடுங்கள். தெருவில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் தங்கள் பொருளைக் கொண்டுவந்து அங்கே கொடுப்பார்களா? நிர்வாகம் மாறினால் சாவி யாரிடம் இருக்கும்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் சரி.

யார் முடிவெடுப்பது

சியாட்டிலில் விங் லூக் அருங்காட்சியகம் இருக்கிறது. 1962-ல் நகரசபைக்குத் தேர்வாகி, 1965-ல் விமான விபத்தில் இறந்த விங் லூக்கின் நினைவாகத் தொடங்கியது. 1991-ல் அதற்கு இயக்குநராக வந்த ரான் சூ ஒரு பத்திரிகையாளர். அருங்காட்சியகப் பயிற்சி எதுவும் இல்லாதவர். கண்காட்சியில் என்ன வைப்பது என்பதை நிபுணர் முடிவு செய்யாமல், அந்த அனுபவத்தை வாழ்ந்தவர்களைக் கொண்ட குழு முடிவு செய்யும் என்று அவர் மாற்றினார். ஊழியர்கள் அந்தக் குழுவுக்கு உதவி செய்கிறவர்கள். இந்த முறையைப் பிறகு பல ஊர்களில் எடுத்துக்கொண்டார்கள்.

நீங்களும் ஏழெட்டுப் பேரைச் சேருங்கள். சங்கத் தலைவர்களாகவே நிரப்பிவிடாதீர்கள். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்த ஒரு அம்மா, மளிகைக் கடை வைத்திருந்தவர், அங்கேயே பிறந்து தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசும் ஒரு பிள்ளை, குடியேறிகள் வருவதற்கு முன்பே அந்தத் தெருவில் இருந்த அண்டை வீட்டுக்காரர் என்று கலந்து இருக்கட்டும்.

பண விஷயத்தையும் இதே குழுவில் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். யாரிடம் வாங்குவோம், யாரிடம் வாங்க மாட்டோம் என்று. சைனாடவுனில் புதிய சிறைச்சாலை கட்டும் நகர நிர்வாகத்தின் திட்டத்தோடு சேர்ந்து மோகாவுக்கு 3.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டபோது, அந்தப் பகுதி மக்களில் ஒரு பகுதியினர் வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2021-ல் கலைஞர்கள் குழு ஒன்று தங்கள் படைப்புகளைக் கண்காட்சியிலிருந்து விலக்கிக்கொண்டது. சிறையைத் தாங்கள் ஆதரிக்கவில்லை என்றுதான் அருங்காட்சியகம் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். தெருவின் பெயரில் நடக்கும் நிறுவனத்துக்குத் தெருவே இரண்டாகப் பிரிந்து நிற்பதைவிடப் பெரிய சேதம் இல்லை.

கதையை வாங்குவது

இதில்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும். பொருளைப் பத்து வருடம் கழித்துக்கூட வாங்கிக்கொள்ளலாம். அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவருக்கு ஏற்கனவே எண்பது வயது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அந்தத் தெருவின் பழைய வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போங்கள். கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் கற்றுத்தந்த வழி இது. நிறவெறி அரசு 1966-ல் அந்தப் பகுதியை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளியது. 1994-ல் ஒரு பழைய தேவாலயத்தில் திறந்த அருங்காட்சியகத்தில், தரை முழுக்க அந்தப் பகுதியின் வரைபடத்தை விரித்து வைத்தார்கள். பழைய குடியிருப்பாளர்கள் வந்து குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதினார்கள். இடிக்கப்பட்ட தெருக்களின் பெயர்ப் பலகைகளும் அங்கே இருக்கின்றன. அவற்றைக் கடலில் கொட்டச் சொல்லி உத்தரவு. அந்த வேலையைச் செய்ய வேண்டிய ஆள் கொட்டாமல் வைத்திருந்தார்.

வரைபடத்தை மேசையில் விரித்தால் கேள்விக்கு அவசியமே இருக்காது. "இது தபால் கந்தோர்... இல்லையில்லை, அது அந்தப் பக்கம்" என்று விரல் தானாக ஓட ஆரம்பிக்கும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். "புலம்பெயர்ந்த அனுபவம் எப்படி இருந்தது ஆச்சி?" என்று கேட்டால் "கஷ்டந்தான் ராசா, கடவுள் காப்பாத்தினார்" என்று வரும், பேச்சு அதோடு நின்றுவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

முதல் நாள் இரவு எங்கே படுத்தீர்கள்? அந்த வீட்டில் எத்தனை பேர்? குளியலறைக்கு வரிசை எப்படி? அடுப்பு யாருடைய முறை என்று யார் சொல்வது? தாளிக்கும் வாசனைக்கு மேல் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், எந்தக் கடையில்? ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், யார் மூலமாக?

ஒவ்வொன்றும் சின்னக் கேள்வி. ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் மறைந்திருக்கும். "கம்பளி வாங்கினேன், இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு" என்று அவரே எழுந்து போவார்.

பதிவு செய்யும் முறை எளிதானது. போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, பேசுகிறவருக்கு அருகில், துணி விரித்த மேசையில் வையுங்கள். மின்விசிறியையும் டிவியையும் அணைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர், கேட்கிறவர் பெயர் நான்கையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அவர் களைத்துப்போவார். மகளோ மருமகனோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "இல்லம்மா, அது எழுபத்தெட்டு" என்று திருத்திக்கொண்டிருந்தால், அவருக்கு வேறு அறையில் ஆல்பம் பார்க்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

டெனமென்ட் அருங்காட்சியகத்தில் பால்டிஸி குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே குழந்தையாக வாழ்ந்த ஜோசபின் பால்டிஸியின் குரலே கேட்கும். சாமான்களைப் போலவே அந்தக் குரலும் அங்கே ஒரு காட்சிப் பொருள்தான்.

இன்னொரு விஷயம், நம் ஆட்களிடம் ரொம்பவும் முக்கியம். குடியேறி வந்தவர்களின் கதையில் சட்டத்துக்கு முன்னால் சொல்ல முடியாத பகுதிகள் இருக்கும். 1906-ல் சான்ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் பதிவேடுகள் அழிந்த பிறகு, அங்கே ஏற்கனவே குடியுரிமை உள்ளவரின் மகன் என்று காகிதத்தில் காட்டிக்கொண்டு ஏராளமான சீனர்கள் வந்தார்கள். காகித மகன்கள் என்றே அவர்களுக்குப் பெயர். தங்கள் உண்மையான குடும்பப் பெயரைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வாழ்ந்தவர்கள் உண்டு. நம்மிலும் ஏஜென்ட் மூலம் வந்தவர்கள், வேறு பெயரில் பயணித்தவர்கள், வழியில் யாரையோ இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சம்மதப் படிவத்தில் மூன்று கட்டங்கள் வையுங்கள்: இப்போதே வெளியிடலாம், என் காலத்துக்குப் பிறகு, இத்தனை ஆண்டு கழித்து. பதிவைக் கேட்டுவிட்டு ஒரு பகுதியை நீக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் நீக்குங்கள். பேட்டி முடிந்த அன்றே கையெழுத்துக்கு அவசரப்படுத்தவும் வேண்டாம். அவர் தூங்கி எழுந்து யோசிக்கட்டும்.

ஆள் இல்லாத கதைகளுக்கு அரசுக் காகிதங்கள் கைகொடுக்கும். ஆர்ச்சர்ட் தெருக் கட்டடத்தில் இருந்த நத்தாலி கும்பர்ட்ஸ் என்ற பெண்ணின் கணவர் 1874-ல் காணாமல் போனார். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார் நத்தாலி. கணவரைச் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கக் கோரி 1883-ல் அவர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த மனுதான் அந்தக் குடும்பத்தின் கதையையே மீட்டுத் தந்தது. மக்கள்தொகைக் கணக்கு, கப்பல் பயணிகள் பட்டியல், பள்ளிச் சேர்க்கை, கடை உரிமம், பழைய தொலைபேசி டைரக்டரி என்று உங்கள் ஊரில் எது பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கிறது என்று நூலகரிடம் கேளுங்கள். நூலகர்களுக்கு இப்படிக் கேட்டு வருகிறவர்களை ரொம்பப் பிடிக்கும்.

பதிவேட்டில் எழுதுவது எப்படி

ஒரு பொருளுக்கு ஒரு எண். வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவது நன்கொடை, அதற்குள் எத்தனையாவது பொருள் என்று மூன்று பகுதி. 2025.7.3 என்றால் 2025-ல் ஏழாவதாக வந்த நன்கொடையில் மூன்றாவது பொருள். உலகமெங்கும் பல அருங்காட்சியகங்கள் இப்படித்தான் எண் போடுகின்றன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சிரமப்பட வேண்டாம்.

பதிவேட்டில் பலர் இப்படி எழுதுவார்கள்: "இடியாப்ப உரல், மரம், பழையது." இது ஒன்றுக்கும் உதவாது. உதாரணத்துக்கு நானே கற்பனையாக ஒரு பதிவு எழுதிக் காட்டுகிறேன்:

"இடியாப்ப உரல், மரம், கைப்பிடி இரண்டு, உயரம் 14 செ.மீ. அடித்தகடு பித்தளை, ஓரத்தில் ஒரு துளை அடைபட்டிருக்கிறது. கொடுத்தவரின் தாயார் 1986-ல் கைப்பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்தது. விமான நிலையத்தில் இது என்னவென்று கேட்டதற்கு மாவு பிழிந்து காட்டுவது போல் சைகை செய்தாராம். 1986 முதல் 1991 வரை ஒரே வீட்டில் இருந்த மூன்று குடும்பங்கள் மாறி மாறிப் பாவித்தன. இடது கைப்பிடியில் விரிசல். கம்பி சுற்றியது கொடுத்தவரின் தகப்பனார். தகவல் சொன்னவர் மகள், நேரில், தேதியுடன்."

அளவு, பொருள், சேதம், எங்கிருந்து வந்தது, யார் பாவித்தது, யார் சொன்னது என்று எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. "யார் சொன்னது" என்பதை விடவே கூடாது. குடும்பக் கதைகள் ஒன்றோடொன்று முரண்படும், அப்போது அந்த வரி வேண்டியிருக்கும்.

கையால் எழுதிய பதிவேடு ஒன்று, கணினியில் ஒன்று, இரண்டும் இருக்கட்டும். விலை உயர்ந்த மென்பொருள் ஆரம்பத்தில் தேவையில்லை. எக்ஸெல் தாளே போதும், எல்லோரும் ஒரே மாதிரி நிரப்பினால்.

எண்ணைப் பொருளின் மேல் எழுதுவதற்கும் முறை உண்டு. காகிதத்துக்கும் படத்துக்கும் பின்புறம் மென்மையான பென்சில், மூலையில் லேசாக. பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். துணிக்கு, எண் எழுதிய பருத்தி நாடாவை உட்புறத் தையலில் இரண்டு தையல் போட்டால் போதும். பாத்திரம், கருவி, பெட்டிக்கு நூல் கட்டிய அட்டை. ஸ்டிக்கர் ஒட்டினால் பசை மஞ்சளாகிக் கறை விழும்.

கையெழுத்து இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்

"எங்களுக்குள்ள என்ன தம்பி பேப்பர்" என்பார்கள். சிரித்துக்கொண்டே படிவத்தை நீட்டுங்கள். அதில் எழுத வேண்டியவை: இது நன்கொடையா, இரவலா, இரவல் என்றால் திருப்பித் தரும் தேதி, கொடுப்பவருக்குக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா, படங்களையும் கடிதங்களையும் அச்சிட, இணையத்தில் போட அனுமதி உண்டா, அருங்காட்சியகம் மூடினால் பொருள் எங்கே போகும். அம்மாவின் சேலையை மூத்த மகன் கொடுத்துவிட்டுப் போக, ஆறு மாதம் கழித்துத் தங்கை வந்து நிற்பதெல்லாம் சாதாரணமாக நடக்கும். "நிரந்தர இரவல்" என்ற வகையே வேண்டாம். பொறுப்பு உங்களுடையது, பொருள் உங்களுடையதில்லை என்ற அந்தரத்தில் அது மாட்டிவிடும்.

புளி போட்டு விளக்காதீர்கள்

ஆர்வமுள்ள தொண்டர்கள் பொருள் வந்த அன்றே செய்யும் காரியம், பித்தளைச் செம்பைப் பளபளவென்று தேய்த்து வைப்பது. புளி, சாம்பல், பீதாம்பரி எதுவும் வேண்டாம். தேய்க்கும்போது உலோகமும் சேர்ந்துதான் போகிறது, அடியில் பொறித்த பெயர் மழுங்கிவிடும். வாணலியின் அடிக்கரி, அம்மியின் தேய்மானம், சட்டைக் கழுத்தின் கறை எல்லாம் பாவித்ததற்கான சாட்சி. உதிர்ந்த உணவுத் துணுக்குகளை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் எறும்பும் கரப்பானும் வரும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். டெனமென்ட் அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட காகித அடுக்குகள் கிடைத்தன. பல இடங்களில் சிதைந்த சுவரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். புதுப்பிக்காத அந்தப் பகுதியில்தான் பார்வையாளர்கள் அதிக நேரம் நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

துணி, பாய், கூடை, புத்தகம் வந்தால் உடனே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். தனி அறையில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அந்துருண்டை தீர்வில்லை. பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பொருளின் மேல் ஈரம் கோர்த்துவிடும்.

சேலையை மடித்து அடுக்கினால் மடிப்பில் கிழியும், ஜரிகை என்றால் இன்னும் சீக்கிரம். அகலமான குழாய் ஒன்றில் வெள்ளை மல் துணி சுற்றி, அதன்மேல் சேலையைச் சுருட்டி வையுங்கள். மல் துணியைப் புதிதாக வாங்கினால் கஞ்சி போகத் துவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

காகிதத்துக்கு விரோதிகள் ரப்பர் பேண்ட், ஊசி, ஸ்டேப்ளர் கம்பி, செல்லோடேப். கிழிந்த கல்யாணப் பத்திரிகையை டேப் போட்டு ஒட்டுவதைவிடக் கிழிந்தபடியே வைத்திருப்பது மேல். லேமினேட் செய்துவிட்டால் திரும்பி வர வழியே இல்லை. எழுபதுகளின் ஒட்டும் பக்க ஆல்பங்களிலிருந்து படங்களைப் பிய்க்காதீர்கள். முதலில் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். வராததை வல்லுநரிடம் விடுங்கள்.

ஸ்கேனும் நகலும்

அச்சுப் படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேனர் அளவு), டிஃப் என்ற தரம் குறையாத படக் கோப்பாக. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, "அன்புத் தங்கைக்கு" என்ற வரி, தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். கோப்பின் பெயர் அந்தப் பொருளின் எண்ணாகவே இருக்கட்டும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். இதை ஒத்திப்போடாதீர்கள். மோகா 2009-லேயே புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது, ஆனால் அதன் சேகரிப்பு மல்பெரி தெருவின் பழைய பள்ளிக் கட்டடத்தில் இருந்தது. 2020 ஜனவரி 23 இரவு, சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, அந்தக் கட்டடம் தீப்பிடித்தது. உள்ளே சுமார் 85,000 பொருள்கள். தீயைவிட, அணைக்க அடித்த தண்ணீர்தான் பெரிய கவலையாகிவிட்டது. கட்டடம் பாதுகாப்பில்லை என்று உடனே உள்ளே போகவும் விடவில்லை. சுமார் 35,000 ஏற்கனவே டிஜிட்டலாக்கப்பட்டிருந்தன. பிறகு எடுத்ததில் பெரும்பகுதியை மீட்க முடிந்தது, நனைந்த காகிதங்களை உறையவைத்துக் காயவைத்தார்கள்.

அறைக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள்: தண்ணீர் வால்வு எங்கே, யாருக்குப் போன் செய்வது, முதலில் எடுக்க வேண்டிய பத்துப் பெட்டிகள் எவை. நனைந்த காகிதத்தில் இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். காயவைக்க முடியாத அளவு இருந்தால் அப்படியே பையில் போட்டு ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாக யோசிக்கலாம்.

வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆறாவது தையல் மெஷின் வரும்போது இது புரியும். சுவரில் ஒட்டிய அந்த ஒரு வரியைக் காட்டுங்கள். "இந்த மெஷின் எங்களிடம் ஐந்து இருக்கிறது அக்கா. இதில் நீங்கள் தைத்த கதையைப் பதிவு செய்துகொள்கிறோம், மெஷின் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டால் மனம் நோகாது. அவர் சொல்வதில் ஏதாவது அபூர்வமாக இருந்தால் உங்களிடமுள்ள ஐந்தில் கதையில்லாத ஒன்றைக் கழித்துவிட்டு இதை வாங்குங்கள். கழிப்பதற்கும் குழுவின் ஒப்புதலும் பதிவேட்டில் ஒரு வரியும் வேண்டும்.

முதல் காட்சி

நூறு பொருளைக் காட்ட ஆசை வரும். பதினைந்து போதும். நூலகத்தின் ஒரு மூலையில், நான்கு மேசையில், இரண்டு வாரம். ஜெர்மனியில் டோமிட் என்ற பெயரில் துருக்கியக் குடியேறிகள் 1990-ல் தாங்களாகவே ஒரு சங்கமாகக் கூடிச் சேர்க்கத் தொடங்கினார்கள். வேலை ஒப்பந்தம், சூட்கேஸ், விடுதிச் சாமான் என்று சேர்த்துக்கொண்டே போய், சொந்த அருங்காட்சியகத்துக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். அதற்குள் ஊர் ஊராகக் கண்காட்சிகள் நடத்தினார்கள்.

விளக்க அட்டை அறுபது சொல்லுக்குள் இருக்கட்டும், எழுத்து பெரிதாக, தமிழிலும் அந்த ஊர் மொழியிலும். "பாரம்பரியப் பாத்திரம்" என்று எழுதாமல் அதைப் பிடித்த கையை எழுதுங்கள். வெயில் விழும் சன்னலோரம் துணியும் படமும் வேண்டாம். அசல் படத்துக்குப் பதில் நல்ல பிரதியை வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையை மட்டும் காலியாக விடுங்கள். பெயர் தெரியாத முகங்கள் உள்ள படங்களின் பிரதிகளை எண்ணிட்டு அதில் பரப்பி, துண்டுச் சீட்டும் பென்சிலும் வையுங்கள். நாற்காலி இரண்டு போடுங்கள், வயதானவர்கள் வெகுநேரம் அங்கேதான் இருப்பார்கள். "23-ஆம் படம், இடமிருந்து மூன்றாவது, பஸ் கம்பெனியில் வேலை பார்த்த மணியம் அண்ணன்" என்று ஒருவர் எழுதுவார். அடுத்தவர் வந்து "மணியம் இல்லை, அவர் தம்பி" என்று எழுதுவார். இரண்டு சீட்டையும் எழுதியவர் பெயரோடும் தேதியோடும் அன்றிரவே பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அதே படத்தை மேசையில் திரும்ப வையுங்கள்.